கடைசி வயல் நனைய வேண்டும்

என் அண்ணிக்கு எங்கள் பக்கத்தில் வைத்த பட்டப்பெயர் ‘கடிகாரம்’. நேரில் சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இடது கையில் ஒரு கைக்கடிகாரம் கட்டியிருப்பாள். இடுப்பில் செருகிய துணிப்பைக்குள் இன்னொன்று இருக்கும். இரண்டு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்ணு நின்னு போச்சுன்னா? நான் பேட்டரி மாத்திட்டு வர்றதுக்குள்ள உங்க ஆளுங்க வாய்க்காலையே சுருட்டிப் பாயா மடிச்சுருவாங்க” என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்து கூடப் பொய்யில்லை. அந்த மனுஷியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து என்ன பாடு படுத்தினோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதும்போதே வயிறு எரிகிறது. யார் மேல் எரிகிறது என்று கேட்டால், பட்டியல் நீளம். அதில் என் பெயரும் உண்டு.

முதலில் வாய்க்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலில் நாற்பத்தோரு வயல்கள். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் திறப்பார்கள். வருவது மூன்று நாள் தண்ணீர். அதைப் பகலில் மட்டும் பாய்ச்ச வேண்டும். மேலே முதல் வயலில் ஆரம்பித்து ஒவ்வொரு வயலாக இறங்கி வந்து கடைசி வயலில் முடிப்பதற்குப் பெயர் ‘ஒரு முறை’. ஒவ்வொரு வயலுக்கும் நாற்பது நிமிடம். வயலுக்கு வயல் ஓர் இரும்புப் பலகை இருக்கிறது. அதைத் தூக்கினால் தண்ணீர் வயலுக்குள் போகும், இறக்கினால் நின்றுவிடும். எல்லாப் பலகைகளுக்கும் ஒரே சாவி. சாவி என்றால் சட்டைப்பையில் போடுகிற சாவி இல்லை. முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் திருகு. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முறைக்காரர்.

சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் வாய்க்கால் சங்கத்தில் சட்டம் உண்டு. மொத்தமே மூன்று சட்டம்தான். தகரக் கூரை போட்ட சங்க அறையில், இரும்பு பீரோவுக்கு மேலே, நீலப் பெயிண்டில் சுவரில் எழுதியிருக்கும். ஒன்று, சாவி கடைசி வயல்காரர் கையில் இருக்க வேண்டும். இரண்டு, கடைசி வயல் நனையாமல் முறை முடியாது. முறை முடியாமல் முதல் வயலுக்கு மறுபடி திறக்கக் கூடாது. மூன்று, தண்ணீர் குறைந்தால் எல்லோருக்கும் ஒரே அளவாகக் குறைக்க வேண்டும்.

இதை எழுதி வைத்தவர்கள் படித்தவர்கள் இல்லை. ஆனால் மனிதர்களை நன்றாகப் படித்தவர்கள். கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் கையில் கரண்டியைக் கொடுத்த மாதிரி ஏற்பாடு. நடுவில் ஒருவன் கூட அள்ளினால் அவர் தட்டுதான் காலி. அதனால் அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொள்வார். நனைந்ததற்கு அளவும் உண்டு. வயலின் தூரத்து வரப்பு மூலையில் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். மண் ஈரமாகத் தெரிகிறது என்று கதை விட முடியாது.

அந்தக் கடைசி வயல் எங்கள் அப்பாவுடையது. நான்காவது வயலும் அவருடையதுதான். பாகம் பிரித்தபோது நான்காவதை நான் முந்திக்கொண்டு கேட்டு வாங்கினேன். அண்ணன் வாயில்லாப் பூச்சி. சரி என்று கடைசி வயலை வாங்கிக்கொண்டு லாரி ஓட்டப் போய்விட்டான். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆக, வயலும் சாவியும் அண்ணி தலையில் விழுந்தன. பத்தொன்பது வருடம் அதைச் சுமந்தாள்.

முறை நாளில் விடிவதற்குள், வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பில் நிற்பாள். அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவை மேல் மாட்டிக்கொண்டு, தோளில் மண்வெட்டியும் கையில் சாவியுமாக நாற்பத்தோரு வயலுக்கும் நடப்பாள். பலகை சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு காய்ந்த இலையைக் கிள்ளித் தண்ணீரில் போடுவாள். இலை பலகைப் பக்கம் இழுபட்டால் அடியில் யாரோ சாக்கைச் செருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இறங்கிச் சாக்கை உருவி, வரப்பில் அது யாருடையதோ அவன் காலடியில் பொத்தென்று போடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்த மௌனம் இருக்கிறதே, அதற்குப் பேசாமல் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம்.

முதல் வயல்காரரை எல்லோரும் ‘பெரிய மோட்டார்’ என்போம். எங்கள் பக்கத்தில் முதன்முதலில் பெரிய மோட்டார் வாங்கியவர். பேச்சும் அந்த மோட்டார் மாதிரிதான், ஒரு தடவை போட்டுவிட்டால் நிறுத்துவது கஷ்டம். ஒருமுறை அவர் பலகையை இறக்கிய பிறகும் வரப்பு வழியாக அவர் வயலுக்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது.

“நண்டு ஓட்டை போட்டிருச்சும்மா. நான் என்ன செய்ய” என்றார்.

அண்ணி கையை விட்டுத் துழாவினாள். இரண்டடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை உருவி வெளியே எடுத்தாள்.

“நல்ல வசதியான நண்டுதான்ணே. பைப்பெல்லாம் போட்டுல்ல வளை கட்டியிருக்கு” என்றாள்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரிய மோட்டாரும் சிரித்தார். ஆனால் அவர் மறக்கவில்லை. அந்த ஆளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

என் கதை மட்டும் யோக்கியமா? ஒரு முறை எனக்குக் காய்ச்சல். என் முறை வந்தபோது எழுந்து போக முடியவில்லை. அரை மணி கழித்துத் திறக்கச் சொல்லி என் மனைவியை அனுப்பினேன். “தம்பிக்குக் காய்ச்சல், சரி. தண்ணிக்குக் காய்ச்சலா? அது பாட்டுக்குப் போயிட்டுத்தான இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அண்ணியே என் வயலில் இறங்கி நாற்பது நிமிடமும் மடை மாற்றிக் கட்டிவிட்டுப் போனாள். பாய்ச்சியும் கொடுத்து, திட்டும் வாங்கினாள். என் மனைவி மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. சொந்தக்காரி என்று ஒரு பத்து நிமிடம் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்பது எங்கள் வீட்டு நியாயம். நாற்பது வீட்டிலும் அதே நியாயம்தான். அவள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததை ஒருவராலும் பொறுக்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போது அந்த வறண்ட வருடம் வந்தது. மூன்று நாள் தண்ணீர் இரண்டரை நாளாகக் குறைந்தது. அண்ணி சங்க அறைக்கு வந்து, மூன்றாவது சட்டத்தைக் காட்டி, ஆளுக்கு நாற்பது நிமிடம் இனி முப்பது என்றாள். பெரிய மோட்டார் அப்போதுதான் தக்காளி போட்டிருந்தார். முப்பதில் என் தக்காளி முக்கால் காயாக நிற்கும் என்று குதித்தார்.

“முப்பதுல என் மக்காச்சோளமும் முக்கா கதிர்தான்ணே வைக்கும். முக்கா எல்லாருக்கும் முக்காதான்” என்றாள்.

அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

பெரிய மோட்டார் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் ஆள் சத்தமே இல்லை. அதற்குள் என்ன செய்தார் தெரியுமா? அண்ணியின் வயலுக்குக் கீழே ஒரு மணல்திட்டு கிடந்தது. முள்ளும் மணலும்தான், புல்கூட முளைக்காது. அதை வாங்கினார். இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே நாளில் வாய்க்காலை இருநூறு அடி நீட்டி அந்த மணலில் கொண்டுபோய் முடித்தார். மறுநாள் சங்கத்தைக் கூட்டினார்.

“நாம எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க. சாவி கடைசி வயல்காரர் கையிலதான் இருக்கணும். இப்ப கடைசி வயல் யாருது? நாப்பத்திரெண்டாவது என்னுது. நான் ஆசைப்பட்டுக் கேக்கலை, சுவரு சொல்லுது” என்றார்.

எனக்கு இப்போது எழுதும்போதும் ரத்தம் கொதிக்கிறது. முதல் வயலும் அவர்தான், கடைசி வயலும் அவர்தான். தாகம் இல்லாத ஆள் கையில் குடத்தைக் கொடுக்கிற வேலை. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற வாத்தியார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரை இரண்டு தடவை படித்தார். “எழுத்துப்படி பாத்தா அவர் சொல்றது சரிதான்” என்று முனகினார். எழுத்துப்படி பார்ப்பதற்குத்தான் கண்ணாடியா? எதிரில் உட்கார்ந்திருந்த மனுஷியைப் பார்க்க அது உதவாதா?

சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். மேல் வயல்காரர்கள் தூக்கினார்கள். அவர் டிராக்டரை இரவல் வாங்குகிறவர்கள் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஆமாம், நானும்தான். முந்தின நாள் வழியில் பார்த்து, “நாலாவது வயலுக்கு நாப்பது நிமிஷம் எங்கயும் போயிடாது தம்பி” என்று தோளில் தட்டியிருந்தார். என் கை எவ்வளவு லேசாக மேலே போனது என்பதை நினைத்தால் எனக்கே என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அண்ணி யாரையும் திட்டவில்லை. எழுந்து வந்து மேசைமேல் சாவியை வைத்தாள்.

“சாவி உங்களுது, சரி. ரெண்டாவது சட்டமும் உங்களுதுதான். அதையும் சேத்து எடுத்துக்கங்க” என்றாள்.

பெரிய மோட்டார் அதைக் காதில் வாங்கவே இல்லை. சாவியைத் தன் மச்சானிடம் கொடுத்தார். மச்சான் நல்ல பையன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை. மணி பார்க்க மாட்டான். போனில் வீடியோ பார்ப்பான். மேலே ஒவ்வொரு வயலுக்கும் ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரம் என்று ஓடியது. என் வயலில் தண்ணீர் வரப்பு தாண்டி வழிந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பதாவது வயலோடு தண்ணீர் தீர்ந்தது. அதற்குக் கீழே பன்னிரண்டு வயலுக்கு ஒரு சொட்டு இல்லை. அண்ணியின் மக்காச்சோளம் பூவெடுக்கும் பருவம். மற்ற நேரத்தில் கொஞ்சம் பட்டினி கிடந்தாலும் தாங்கும், பூவெடுக்கும்போது தண்ணீர் இல்லையென்றால் அதோடு சரி.

அன்று சாயங்காலம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. மணல்திட்டின் மூலையில் ஒரு டேங்கர் நிற்கிறது. அதன் குழாயடியில் பாய் அகலத்துக்கு மணல் நனைந்திருக்கிறது. கீழே மச்சான் எழுதியிருந்தான்: ‘கடைசி வயல் நனைந்தது. முறை இனிதே நிறைவு.’

எங்கள் காதில் இப்படிப் பூ சுற்ற ஒரு ஆள் முன்வந்ததைக் கூட மன்னித்துவிடலாம். காதை நீட்டிக் கொடுத்தோமே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வரிசையாகக் கட்டைவிரல் படம் போட்டார்கள். பதினேழு கட்டைவிரல் நான் எண்ணினேன். பதினெட்டாவது என்னுடையது.

அண்ணி செயலாளர் வீட்டுக்குப் போனாள். கூடவே நாற்பதாவது வயல்காரம்மாவும் போனாள். வெங்காயம் போட்டிருந்ததால் அவளை வெங்காயக்காரம்மா என்போம். வாத்தியார் இருவரையும் வாசலிலேயே நிற்கவைத்து, “அடுத்த முறை சரியாயிடும்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்றார். பயிர் பொறுக்குமா? அதற்கு யாராவது வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்களா?

பன்னிரண்டு நாள் கழித்து அடுத்த முறை வந்தது. மறுபடி இருபத்தொன்பதாவதோடு தீர்ந்தது. மறுபடி டேங்கர், மறுபடி போட்டோ. வெங்காயக்காரம்மா குடிநீர்க் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கிப் பாதி வெங்காயத்தைப் பிடித்து வைத்திருந்தாள். மக்காச்சோளத்தைக் குடத்தால் காப்பாற்ற முடியாது. நான் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஆள் உயரப் பயிர் அப்படியே நின்ற வாக்கில் வெளுத்துக் கிடந்தது. இலையைத் தொட்டால் நொறுங்கியது. கதிரை உரித்துப் பார்த்தேன், உள்ளே மணியே இல்லை. வரப்பில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி” என்றேன்.

“என்ன தம்பி, உன் வயல்ல வழிஞ்சு ஓடுதாமே. அடுத்தவன் வயலை அரிச்சிறப் போவுது, கரையை ஒசத்திக் கட்டு” என்றாள். குத்தலாகக் கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே கரையைப் பற்றித்தான் சொன்னாள். குத்தியிருந்தால் தேவலை.

மூன்றாவது முறை வரும் நாள். விடிந்ததும் நான் தலைப்புக்குப் போனபோது அங்கே கூட்டம் நின்றது. கீழ் வயல்காரர்கள் பன்னிரண்டு குடும்பமும் வந்திருந்தார்கள். அண்ணி முன்னால் நின்றாள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. மச்சான் சாவியோடு முதல் பலகையைத் தூக்கப் போனான். அண்ணி பலகைமேல் கையை வைத்தாள்.

“இன்னும் பழைய முறையே முடியலையே தம்பி. புதுசு எப்படி ஆரம்பிப்பே?” என்றாள்.

“போட்டோ போட்டமே” என்றான் அவன்.

“போட்டோவுல விரல் வச்சு அளக்க முடியாது. கடைசி வயலோட தூரத்து மூலையில நாலு விரல் நிக்கணும். வா, போய்ப் பாக்கலாம்.”

செயலாளரை அழைத்து வந்தார்கள். பெரிய மோட்டாரும் செருப்பைச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தார். எல்லோரும் மணல்திட்டுக்கு நடந்தோம். அண்ணி ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் அதைக் குடித்துவிட்டு வெறுமனே கிடந்தது. இன்னொரு வாளி. அதுவும் போயிற்று.

“இதுல நாலு விரல் நிக்கணும்னா வர்ற தண்ணி மொத்தமும் இங்கதான் வரணும்ணே. அப்பவும் நிக்குமான்னு தெரியாது. ஆனா சட்டம் சட்டம்தான? நீங்களே சொன்னீங்க” என்றாள்.

வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்கு அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. “அவங்க சொல்றது சரி. முறை முடியலை. மேல பலகை எல்லாத்தையும் அடைச்சு வைங்க. முப்பதாவதுலேருந்து பாயட்டும். அப்புறம் இந்த மணல் நனையட்டும். அது வரைக்கும் முதல் வயலுக்குக் கிடையாது” என்றார்.

அப்போதும் முதலில் ஏச்சு வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணிதான். மணலுக்குப் போய் ஊற்றுகிறாளே, பொம்பளைப் பிடிவாதம், குடும்பம் விளங்குமா என்று நடு வயல்காரர்கள் அவள் காதுபடப் பேசினார்கள். மணலைக் கொண்டுவந்து வாய்க்காலில் சேர்த்தவனை ஒருவனும் கேட்கவில்லை. சொரணை என்று ஒன்று எங்களுக்கு அன்று பத்து மணிக்குத்தான் மெதுவாக வந்தது. இருபதாவது வயல்காரர் நின்று யோசித்து, “ஏங்க, அந்த மணலு வாய்க்கால்ல இல்லாம இருந்தா இந்தத் தொல்லையே இல்லையே?” என்றார். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு முறையும் ஒரு பயிரும் தேவைப்பட்டன.

தண்ணீர் மூடிய பலகைகளைத் தாண்டி நேராகக் கீழே ஓடியது. சாவி மச்சான் கையில்தான். ஆனால் பக்கத்தில் அண்ணி நின்று மணி பார்த்தாள். முப்பதாவது வயலுக்கு முப்பது நிமிடம், முப்பத்தொன்றாவதுக்கு முப்பது. ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. வெங்காயக்காரம்மாவின் முறை முடிந்தபோது மணி நாலு. மேலே பெரிய மோட்டாரின் தக்காளிச் செடிகள் தலை தொங்கிக் கிடப்பதாக ஆள் வந்து சொல்லிக்கொண்டே இருந்தான். மிச்சம் இருப்பது ஒன்றரை நாள் தண்ணீர். அதை மணல் குடித்தால் அவருக்கு இன்னும் பன்னிரண்டு நாள் ஒன்றும் கிடையாது. எங்கள் யாருக்கும் கிடையாது. இப்போது எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். கூட்டம் பார்க்கிற பார்வை எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரியும், அதில்தானே இத்தனை நாள் பிழைத்தார்.

“சரிம்மா, விடு. சாவியை நீயே வச்சுக்க” என்றார்.

“எனக்கு எப்படிண்ணே வரும்? கடைசி வயல் உங்களுது. சுவரு சொல்லுதுல்ல” என்றாள் அண்ணி.

எங்கேயோ ஒருவர் சிரித்தார். பெரிய மோட்டார் முகம் கறுத்துவிட்டது. மச்சானைப் பார்த்தார், அவன் போனைப் பார்த்தான். கடைசியில் அவரே ஒரு மண்வெட்டியை வாங்கினார். அண்ணியின் வயலுக்குக் கீழே, நீட்டிய வாய்க்கால் தொடங்குகிற இடத்தில், இரண்டு பக்கக் கரையையும் வெட்டிச் சரித்து அடைத்தார். வேட்டியெல்லாம் சேறு. ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. அடைத்து முடித்ததும் வாத்தியார் சாவியை வாங்கி அண்ணி கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று தூக்கிய அதே கைகள்தான்.

இப்போது பாக்கி ஒரே ஒரு வயல். நாற்பத்தொன்று. அண்ணியுடையது.

அவள் பலகையடியில் சாவியைச் செருகினாள். பெரிய மோட்டார் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

“ஏம்மா, எதுக்கு? பயிரு போயிருச்சேம்மா. பாத்தாலே தெரியுதே. செத்த பயிருக்குத் தண்ணி பாய்ச்சி என்ன ஆகப் போவுது? அந்த நேரத்தை மேல விட்டா உசுரோட இருக்கறது பிழைக்கும்ல?”

அவர் சொன்னால் விடுங்கள். சுற்றி நின்ற அத்தனை பேர் முகத்திலும் அதே கேள்வி எழுதியிருந்தது. “அக்கா, அவர் சொல்றதும் நியாயம்தானே” என்று இருபதாவது வயல்காரர் ஆரம்பித்தார். “மனசு இருந்தா விட்டுக்கொடுக்கலாம்” என்றது இன்னொரு குரல். மனசாம். இருபத்துநான்கு நாளில் இரண்டு முறை அவள் பங்கைத் தின்று ஏப்பம் விட்டவர்கள் மனசைப் பற்றிப் பேசினார்கள். நான் சும்மா இருந்தேன். ஆனால் எனக்குள்ளும் அதே கணக்கு ஓடியது. நாளை மேலே போதாமல் போனால் ஆளுக்கு இரண்டு நிமிடம் குறையுமே என்று. ‘அண்ணி’ என்று வாயைத் திறந்தும் விட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. இந்த ஒரு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

“செத்தது எனக்குத் தெரியும் தம்பி. நான்தான தினமும் பாத்தேன்” என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: “இன்னிக்குச் செத்துப் போச்சுன்னு என்னுதை விட்டுட்டுப் போனா, அடுத்த வருஷம் கடைசியா இருக்கறதைச் சாகடிச்சுட்டு, செத்துருச்சேன்னு சொல்லுவீங்க. முப்பது நிமிஷம். என் முறை.”

சாவியைத் திருகினாள். பலகை ஏறியது.

கூட்டம் வரப்பில் நின்றது. வெயில் சாய்ந்தும் சூடு குறையவில்லை. காய்ந்த தண்டுகளுக்கு இடையே தண்ணீர் நுழைந்து, வெடித்த மண்ணில் குமிழி விட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. நாற்பது வயல்காரர்களும் ஒரு செத்த வயல் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெங்காயக்காரம்மா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முப்பது நிமிடம் ஆனதும் பெரிய மோட்டார், “போதும்மா, மூடு” என்றார்.

“வயல் நனைஞ்சாத்தான் முடியும். தம்பி, நீ போய் மூலையில பாரு” என்றாள் அண்ணி.

என்னை ஏன் அனுப்பினாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். சருகு முகத்தில் கீறியது. தூரத்து மூலையில் குனிந்து கையை வைத்தேன். மூன்று விரல்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு என்று நான் சொன்னால் சரிபார்க்க இந்தச் சருகுக்குள் யார் வரப் போகிறார்கள்? சொன்னால் மேலே என் வயலுக்கு நாளைக்கு முழு முப்பது.

“மூணுதான் இருக்கு” என்று கத்தினேன்.

முணுமுணுப்பு எழுந்தது. “நல்லாப் பாருப்பா” என்றார் பெரிய மோட்டார்.

“மூணுதான்” என்றேன். “நான் இங்கயே நிக்கிறேன். ஆனதும் சொல்றேன்.”

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்காவது விரல் நனைய இன்னும் எட்டு நிமிடம் ஆயிற்று.